எந்த வீடு கேக்கறீங்க?

1 ஜூலை 1998, புதன்

காலையிலிருந்து மழை. வானவடியிலிருந்து ஸ்கூட்டரில் வைரஸ் ஆராய்ச்சி இன்ஸ்டிட்யூட் போய்ச் சேர்வதற்குள் ரெயின்கோட்டுக்கு உள்ளேயும் மழை. பேருக்குத்தான் கோட். மதியம் வரை ஈரப் புடவை, தும்மல்.

காமாலை கேஸ் இன்னும் கூடியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை எல்லாவற்றிலும் ஒரே பதில்: ஹெபடைட்டிஸ் ஈ. சாக்கடை கலந்த குடிநீரில் வருவது. சனங்களுக்கு எல்லாமே மஞ்சக் காமாலைதான். ஏ, பி, ஈ என்று இனிஷியல் போட்டுப் பிரிப்பது எங்கள் பிழைப்பு. ஆனால் இந்த ஈ ஒரு விசித்திரப் பிறவி. ஆம்பிளைகளைச் சில வாரம் படுக்கப் போட்டுவிட்டுப் போய்விடும். கர்ப்பிணியைப் பிடித்தால், அதுவும் கடைசி மாதங்களில், உயிருக்கே உலை. ஏன் அப்படி? உலகத்தில் யாருக்கும் தெரியாது. இதே வைரஸைத்தான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து துரத்துகிறேன், எனக்கும் தெரியாது. மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. தண்ணீர் எங்கே கெட்டது என்று கண்டுபிடித்து நிறுத்துவதுதான் ஒரே வைத்தியம்.

எங்கள் பிரிவுத் தலைவர் தேஷ்முக் சார் (தே.) அதற்காகத்தான் சுவரில் பூனா வரைபடம் மாட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு குண்டூசி. வெள்ளைத் தலை: சாதாரண நோயாளி. சிவப்புத் தலை: கர்ப்பிணி. தையல் கடையில் அவரே பொறுக்கி வாங்கினார். இன்று வரை சிவப்பு முக்கால்வாசி பிம்ப்ரி பக்கம். கட்கியில் ஒன்றிரண்டு, எங்கள் வானவடியில் ஒன்று.

அம்மா இருப்பது பிம்ப்ரி. தங்கை சுமதிக்கு ஏழு மாதம். அவள் இருப்பது ஏரவாடா. மாப்பிள்ளை முருகேசன் ரிக்‌ஷா ஓட்டுகிறார். ஞாயிறு வளைகாப்பு. ஆடி பிறந்தால் ஒன்றும் செய்யக் கூடாது என்று அவசர அவசரமாக ஏற்பாடு. வளையல் அடுக்கிய கையோடு பிரசவத்துக்குப் பிம்ப்ரிக்கு அழைத்துப் போவார்கள். பிம்ப்ரிக்கு! சிவப்பு ஊசிக் காட்டுக்கு!

வாங்க: கண்ணாடி வளையல், சுமதி அளவு (கை வீங்கியிருக்கும், ஒரு சைஸ் பெரிசு). ஸ்கூட்டர் பிளக். புது ரெயின்கோட்.

3 ஜூலை, வெள்ளி

தூறல். அம்மாவிடம் போனில் சண்டை. பக்கத்து வீட்டுப் போன், அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அம்மா குரலை இறக்கித் திட்டினாள்.

"வளையலைப் போட்டுட்டுப் பொண்ண அங்கியே உட்டுட்டு வரச் சொல்றியா? நாலு பேரு கேட்டா நான் என்னாடி சொல்லுவேன்?"

"பிம்ப்ரியில காமாலைம்மா. மாசமா இருக்கிறவங்களுக்குத்தான் அதிகம் வருது."

"எனக்கு வரல. பக்கத்து வீட்டுக்கு வரல. உன் படத்துல ஊசி குத்திட்டா வந்துடுமா?"

விடவில்லை. ஏரவாடாவில் ஒரு ஊசிகூட இல்லை, ரெண்டு மாதம் அங்கேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அம்மா கடைசியில், "படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போனை வைத்துவிட்டாள். அந்தச் சரி என்ன சரி என்று எனக்குத் தெரியாதா.

என் காமாலையைப் பற்றி இங்கே எழுதி வைக்கிறேன், ரொம்ப நாளாக நினைத்தது. பதினோரு வயது. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். கண் மஞ்சள், மூத்திரம் மஞ்சள், சோற்று வாசனையே ஆகாது. எனக்குத் தினம் கரும்புச் சாறு, ஒரு முழு டம்ளர். ஐந்து வயது சுமதி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இன்று வரைக்கும் சொல்லிக்காட்டுவாள், "உனக்கென்னக்கா, கரும்பு ஜூஸ் குடிச்சி வளந்தவ." இருவரும் ஒரே குடத்துத் தண்ணீர்தான் குடித்தோம். எனக்கு வந்தது, அவளுக்கு ஏன் வரவில்லை? கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத்தான் யோசித்தேன். டாக்டரைக் கேட்டேன், "உனக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. இத்தனை படிப்பும் அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியதுதான்.

ஈ-க்கு ரத்தப் பரிசோதனை வந்ததும் முதலில் என் ரத்தத்தைத்தான் போட்டுப் பார்த்தேன். பழைய தொற்றின் அடையாளம், பளிச்சென்று மஞ்சள். அன்றிலிருந்து லேபில் என் சீரம்தான் ஒப்பீட்டு மாதிரி. சோதனைத் தட்டில் ஆளுக்கு ஒரு குழி, ஒவ்வொரு தட்டிலும் மூலைக் குழியில் நான் இருக்கிறேன். பதினோரு வயதில் குடித்த தண்ணீரை உடம்பு இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் குழி மஞ்சளாகும்போது ஒரு நிமிஷம் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பேன். காம்ப்ளே (லேபில் தட்டு ஓட்டுபவர்) கிண்டல் செய்வார், "மேடம் கண்ணாடி பார்க்கிறார்" என்று.

5 ஜூலை, ஞாயிறு

ஏரவாடா. வளைகாப்பு. கொட்டும் மழையில் ரிக்‌ஷா சந்து முனையோடு நின்றுவிட்டது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தேன்.

சுமதி அழகாக இருந்தாள். சந்தனம் கன்னத்தில் வழிய, கை நிறையப் பச்சையும் சிவப்பும். பக்கத்து வீட்டு மராட்டிக்காரப் பெண்கள் மடியில் அரிசியும் தேங்காயும் இட்டு ஓட்டி நிரப்பினார்கள், நம் ஆட்கள் நலுங்கு வைத்தார்கள், யாருக்கும் யாரோடும் தகராறு இல்லை. ஐந்து வகைச் சோறு. தேங்காய் சாதம் முதலில் தீர்ந்தது.

சந்தில் ஒரு வீட்டு வாசலில் ஒல்லியாக ஒருவர், கழுத்தில் மரமணி மாலை. ஆஷாட ஏகாதசி சமயம். பண்டரிபுரம் பக்தர் போல. கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்.

கிளம்பும்போது சங்கடம். சுமதி பை கட்டி வைத்திருந்தாள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், இரு, ஆவணியில் கூட்டிப் போகிறோம். சுமதி உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரிக்கா, நீ சொன்னா சரி" என்றாள். பையைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அவள் மாமியார் மட்டும், "எங்க வூட்டுலயே பிரசவமா? புதுசா இருக்குது" என்றார்.

தாகத்துக்குச் சுமதி ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். எனக்கென்ன, எனக்கு ஏற்கனவே வந்தாயிற்று.

7 ஜூலை, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. பிம்ப்ரியில் நாள் முழுக்க. மேல்நிலைத் தொட்டி, கீழ்நிலைத் தொட்டி, குழாய், கிணறு, எல்லா இடத்திலும் சாம்பிள். ஏணியில் ஏறும்போது செருப்பு அறுந்தது. தொட்டி என் சமையலறையைவிடச் சுத்தம். தே. முகம் தொங்கிவிட்டது. "தண்ணீர் சரியாக இருக்கிறது, ஆனால் ஆட்கள் விழுகிறார்கள்" என்று மராட்டியில் தொட்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

சிவப்பு ஊசி இன்னும் இரண்டு. பிம்ப்ரிதான்.

சாயங்காலம் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் அறையில் சும்மா போய் நின்றேன். புது சாம்பிளில் வைரஸ் தெரிகிறது என்றார்கள். பச்சைத் திரையில் குட்டிக் குட்டி உருண்டைகள், ஜவ்வரிசி போல. முதல் தடவை பார்த்த அன்று வேலைக்குச் சேர்ந்து சில மாதம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவர்கள் தூசி என்று நினைத்தார்கள். இத்தனூண்டு. மூளை இல்லை, வாய் இல்லை, தானாக ஒரு அடி நகரத் தெரியாது. ஒரு ஊரையே படுக்க வைக்கிறது. இவ்வளவு வருடம் ஆகியும் எனக்கு அந்த வாய் பிளப்பு போகவில்லை. போய்விட்டால் வேறு வேலை தேட வேண்டும்.

9 ஜூலை, வியாழன்

எங்கிருந்து ஆரம்பிப்பது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு. பிம்ப்ரி கேஸ்களை மறுபடி விசாரிக்கப் போனேன். தேவகி என்று ஒரு பெண், நம்மவர், எட்டு மாதம். கண் எலுமிச்சம்பழம் போல. நர்ஸ் டிரிப் ஏற்ற நரம்பு தேடுகிறார், கிடைக்கவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வளையல். கழற்றுங்கள் என்கிறார் நர்ஸ். தேவகியின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறாள். "புள்ள பொறக்கற வரைக்கும் கழட்டக் கூடாது சிஸ்டர், வேற கையில போடுங்க." அந்தக் கையிலும் வளையல்.

நான் மொழிபெயர்க்கத்தான் நடுவில் புகுந்தேன். நர்ஸ் ஹிந்தியில் சொன்னார், "இந்த வார்டே வளையல் கடை மேடம். காமாலை கேஸ் எல்லாத்துக்கும் இதே கதை."

திரும்பிப் பார்த்தேன். அடுத்த கட்டிலில் ஒரு மராட்டிப் பெண், கை நிறையப் பச்சை வளையல். அதற்கடுத்தது, வளையல். எல்லாம் புதுசு, ஒன்றுகூட உடையாமல், பளபளவென்று.

தேவகியைக் கேட்டேன், வழக்கமாகக் கேட்பதுதான். "உங்க வீடு எங்கம்மா?"

அவள் கண்ணைத் திறக்காமலே, "எந்த வீடு கேக்கறீங்க? எங்க அம்மா வூடா, அவங்க வூடா?"

அவள் அம்மாதான் மீதியைச் சொன்னாள். "ஆனியிலதான் வளையல் போட்டு இட்டுக்கினு வந்தோம். வந்தப்பவே மொகம் ஒரு மாதிரிதான் இருந்துச்சி. பிம்ப்ரி நம்மூடு. மாப்பிள்ளை வூடு ஏரவாடா."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஈ உடம்புக்குள் போய்க் கண் மஞ்சளாக ஐந்தாறு வாரம் ஆகும். பாடம் நடத்தும்போது முதல் வகுப்பில் நான் சொல்வது இது. இன்று எங்கே படுத்திருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள், ஐந்தாறு வாரத்துக்கு முன்னால் எங்கே தண்ணீர் குடித்தார்கள் என்று பாருங்கள். முதல் வகுப்பு! ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது பெற்றவள், விலாசம் சொல்வது பெற்றவள், "வீடு பிம்ப்ரி" என்று அவள் சொல்வதில் பொய்யும் இல்லை. நாங்களும் எழுதிக்கொண்டோம், ஊசி குத்தினோம். குழுவில் ஒருத்தருக்காவது தோன்றியதா? நான் போன ஞாயிற்றுக்கிழமைதான் சொந்தத் தங்கைக்கு என் கையால் வளையல் போட்டுவிட்டு வந்தேன்.

கட்டில் கட்டிலாகக் கேட்டேன். மாமியார் வீடு எங்கே? ஏரவாடா. ஏரவாடா. மராட்டிப் பெண் முதலில் மாஹேர் என்று அம்மா வீட்டைச் சொன்னாள், பிறகு சாசர், மாமியார் வீடு, எங்கே என்று கேட்டதும், ஏரவாடா. பிம்ப்ரியிலும் ஏரவாடாவிலும் நம் ஊர்க்காரர்களுக்குள் கொள்வதும் கொடுப்பதும் உண்டு. அதனால்தான் பெண்களெல்லாம் பிம்ப்ரியில் வந்து குவிந்திருக்கிறார்கள்.

ஆபீஸ். தே.-யிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, "அரே தேவா! மாஹேர்!" என்றார். அவர் மனைவியும் இரண்டு பிரசவத்துக்கும் அம்மா வீட்டுக்குப் போனவர்தான். இருவரும் சுவர் முன்னால் நின்றோம். நான் ஒவ்வொரு பெயராக, எழுதி வந்த மாமியார் வீட்டு விலாசத்தோடு சொல்ல, அவர் ஊசியைப் பிடுங்கி ஏரவாடாவில் குத்தினார். பிம்ப்ரி காலி. கட்கி காலி. வானவடி காலி. சிவப்பெல்லாம் ஒரே சந்தில். கடைசி ஊசிக்கு இடம் இல்லை, முன்னது விலகி விழுந்தது. நகரம் முழுக்கச் சிதறிக் கிடந்தது ஒரு புள்ளியில் வந்து நின்றுவிட்டது. உடம்பு சிலிர்த்தது. இதற்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று தோன்றியது.

அப்புறம்தான் அந்தச் சந்தைப் பார்த்தேன். சுமதியின் சந்து.

10 ஜூலை, வெள்ளி

மழை இல்லை. விடிந்ததும் ஏரவாடா. தே.-யும் வந்தார்.

மழை விட்டிருந்ததால் எல்லோரும் வெளியே. டீக்கடை பெஞ்சில் நான்கு ஆண்கள். நான்கு பேர் கழுத்திலும் மரமணி மாலை. தண்ணீர்க் குழாயடியில் ஒருவன். தலையில் வட்டமாக மாலை வைத்துக்கொண்டு பல் தேய்க்கிறான். தே. என் கையைக் கிள்ளினார். "காவீள் மாலை."

காமாலைக்கு இங்கே கட்டும் வேர் மாலை. வேர்த்துண்டுகளை நூலில் முடிந்து தலையில் வைப்பார்கள். நாளாக நாளாக மாலை நீண்டு, நெற்றி தாண்டிக் கழுத்துக்கு, அப்புறம் மார்புக்கு இறங்கும். கூடவே காமாலையும் இறங்கும் என்று நம்பிக்கை. மாலை கட்டியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அதனால் எங்கள் சுவரில் அவர்களுக்கு ஊசி இல்லை. ஏரவாடா சுத்தமாகத் தெரிந்தது அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை நான் பக்தர் என்று கும்பிட்டேனே, அவர் நோயாளி. என் கும்பிடுக்கு அவர் என்ன நினைத்திருப்பார்.

சந்து முழுக்க நடந்தோம். மாலை நீளத்தைப் பார்த்தாலே யார் முன்னால் விழுந்தார், யார் பின்னால் என்று தெரிகிறது. கேட்டுப் பார்த்தோம், முக்கால்வாசி பொருந்துகிறது. சந்து முனையில் தலையில் மாலை, புதுக் கேஸ். உள்ளே போகப் போகக் கழுத்தில். கோடியில், சாக்கடை திரும்பும் இடத்தில், மார்பு வரை தொங்கும் மாலைகள், பழைய கேஸ். நோய் எங்கிருந்து எப்படிப் பரவியது என்று நாங்கள் மாதக் கணக்கில் வரையும் கோடு, இங்கே கழுத்துக் கழுத்தாக நடந்து போகிறது. தே. தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கோடியில்தான் தண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் முங்கிப் போகிறது. தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். வந்தவுடன் வீட்டுக்கு வீடு மோட்டாரைச் சொருகி இழுப்பார்கள். குழாய் விரிசல் வழியே சாக்கடையும் சேர்ந்து உள்ளே போகும். யாரையும் குறை சொல்ல முடியவில்லை, தண்ணீர் வரும் நேரம் அவ்வளவுதான். நின்று பார்த்தேன். ஒரு விரல் விரிசல்.

சுமதி வீடு. கோடியிலிருந்து சில வீடு தள்ளி. அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இந்நேரத்துல? ஆபீஸ் இல்ல?"

"கண்ணைக் காட்டு."

வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து இமையைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை. சாப்பிடுகிறாயா? சாப்பிடறேன். குமட்டல்? "மாசமா இருக்கறவள குமட்டுதான்னு கேக்கறியே, நீயெல்லாம் டாக்டரா?"

சொல்லிவிட்டேன். தண்ணீர் இங்கேதான் கெட்டது, நான் தப்பான இடத்தைச் சொல்லி உன்னை இங்கேயே இருக்க வைத்துவிட்டேன் என்று. அவள் சோப்புக் கையோடு என்னைப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். அன்று கட்டியது, அவிழ்க்கவே இல்லை.

"எனக்குத் தெரியும்க்கா, நீ வந்து இட்டுக்கினு போவேன்னு. ஆவணி வரைக்கும் உன்னால பொறுக்க முடியாது."

முருகேசன் ரிக்‌ஷாவிலேயே பிம்ப்ரி. வழியில் ரத்தம் எடுத்தேன், வளையலை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு. ஆனால் குடித்தது குடித்ததுதான். எல்லா மாதமும் அந்தக் குழாய்த் தண்ணீர்தான். உள்ளே போயிருந்தால் இனி காத்திருப்பது தவிர ஒன்றும் இல்லை.

12 ஜூலை, ஞாயிறு

தேவகி இன்று விடியற்காலை போய்விட்டாள். குழந்தையும்.

போனேன். அவள் அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வந்தமே, மாலை கட்டாம வந்தமே, அதுக்கா?" என்று கேட்டாள். இல்லைம்மா, நீங்கள் செய்தது சரிதான் என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வளையலை யாரும் கடைசி வரை கழற்றவில்லை.

அங்கிருந்து நேரே பிம்ப்ரி. சுமதி கண்ணைப் பார்த்தேன். வெள்ளை. அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். பயமாக இருக்கிறது.

14 ஜூலை, செவ்வாய்

மேகமூட்டம். விரிசல் உள்ள லைனை அடைத்தாயிற்று. சந்து முனையில் டேங்கர். தே. மாநகராட்சிக்காரர்களை நிற்க வைத்து மாலைகளைக் காட்டினார். வரைபடத்தைவிட அது வேலை செய்தது.

சந்தில் மற்ற கர்ப்பிணிகள் எல்லோரையும் பார்த்தோம். கொதித்த தண்ணீர், கொதித்த தண்ணீர், கொதித்த தண்ணீர். தொண்டை கட்டிவிட்டது. ஒரு கூலிக்காரர், மாலை மார்பில், "நான் பிழைச்சுட்டேன், எதுக்கு என் ரத்தம்?" என்றார் ஹிந்தியில். பக்கத்து வீட்டுப் பெண்களுக்காக என்றேன். சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டினார்.

தட்டு நிறையவில்லை. காம்ப்ளேயின் சட்டம்: கிட் கிடைப்பது கஷ்டம், அதனால் குழி எல்லாம் நிறைந்தால்தான் தட்டு ஓடும். சுமதி ரத்தம் ஃபிரிட்ஜில் காத்திருக்கிறது. என் தங்கைக்காக மட்டும் ஓட்டுங்கள் என்று கேட்டால் ஓட்டிவிடுவார். இரண்டு தடவை அவர் அறை வரை போய்த் திரும்பினேன். அந்த வார்டில் இருக்கிறவர்களும் யாருக்கோ தங்கைதான்.

அதனால் வீடு வீடாக ரத்தம். நாளையோடு நிறைந்துவிடும்.

சுமதி: கண் வெள்ளை. இரண்டு தோசை சாப்பிட்டாளாம். "தினம் வந்து கண்ணப் புடிச்சி இழுக்கற, இமை தொங்கிடும் போலக்கா."

16 ஜூலை, வியாழன்

ஆனி கடைசி. தட்டுகள் ஓடின. இரண்டு: ஒன்று புதுத் தொற்றுக்கு, ஒன்று பழைய தொற்றுக்கு.

சாம்பிளில் பெயர் கிடையாது, எண்தான். சுமதியின் எண் எனக்கு மனப்பாடம். காம்ப்ளே கடைசித் திரவத்தை விட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், தட்டைத் தொட்டுவிடுவேனோ என்று.

முதல் தட்டு, புதுத் தொற்று. சந்துக்காரர்கள் குழிக்குக் குழி மஞ்சளாகிக்கொண்டே வருகிறார்கள். அவள் குழி? தண்ணீர் போல. கொஞ்ச நேரம் பார்த்தேன். தண்ணீர்தான். தொற்று இல்லை. முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். பழைய தொற்றும் இல்லையென்றால் அவளுக்கு எதிர்ப்பே இல்லை, இன்னும் சில வாரத்தில் வரலாம்.

இரண்டாவது தட்டு, பழைய தொற்று. மூலைக் குழி, நான், வழக்கம்போல மஞ்சள். எனக்குப் பக்கத்துக் குழியில் சுமதி. காம்ப்ளே அப்படி வைத்தது தற்செயல், அவருக்குத் தெரியாது.

மஞ்சள். என் குழி அளவுக்கே மஞ்சள்.

"மேடம்?" என்றார் காம்ப்ளே.

அவளுக்கு எப்போதோ வந்துவிட்டது. பழசு. உடம்பு அதை நினைவு வைத்திருக்கிறது. இந்தச் சந்துத் தண்ணீரை அவள் எவ்வளவு குடித்தாலும் வாசலிலேயே நிறுத்த ஆள் இருந்திருக்கிறது. நான் அவளை அங்கே விட்டுவிட்டு வந்த அந்த நாட்களிலும்.

எப்போது வந்தது? ரத்தம் அதைச் சொல்லாது. ஏரவாடாவுக்குப் போன பிறகு ஏதோ ஒரு மழையில் சத்தமில்லாமல் வந்திருக்கலாம். நிரூபிக்க முடியாது. கட்டுரையில் எழுத மாட்டேன். தே. கேட்டால்கூடத் தெரியாது என்பேன். இங்கே எழுதுகிறேன்: குவார்ட்டர்ஸ், ஒரே குடம், கட்டில் கால், ஐந்து வயது. சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் வெளியே தெரியாமலே போய்விடும். எனக்கு வந்தது, அவளுக்கு ஏன் வரவில்லை என்று இத்தனை வருடம், இத்தனை ஊர், இத்தனை ரத்தம். கேள்வியே தப்பு. அவளுக்கும் வந்தது.

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மறுபடி தட்டைப் பார்த்தேன். இரண்டு குழியும் பக்கத்தில் பக்கத்தில். இவ்வளவு பெரிய சங்கதி இத்தனூண்டு குழிக்குள் அடங்கியிருக்கிறது.

17 ஜூலை, வெள்ளி

ஆடி ஒன்று. காற்று, துணி எல்லாம் மாடியில் பறந்தது.

பிம்ப்ரி. சொன்னேன். அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள், முதுகு குலுங்கியது. அப்புறம் வந்து என் தலையில் ஒரு குட்டு. அப்பாடா.

"அந்த வருசம் இவளுக்கு ஒண்ணுமே வரலியேம்மா?" என்று கேட்டேன்.

"எங்க வந்துச்சி? உன்னத் தூக்கிக்கினு நான் அலைஞ்சேன். இவ பாட்டுக்குத் திரிஞ்சிக்கினு இருந்தா."

சுமதி காலை நீட்டி உட்கார்ந்து வளையலை எண்ணிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள், "அப்ப எனக்கும்தான் சோறு எறங்கல. வவுறு வலிக்குது, எனக்கும் ஜூஸ் வேணும்னு அழுதேன். அக்காவப் பாத்து நடிக்கிறேன்னு அம்மா முதுகுல ஒண்ணு வெச்சாங்க. உங்களுக்கெல்லாம் மறந்திருக்கும்."

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

சுமதி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "என்னா ஆச்சி இப்ப?" என்றாள்.

நாளை: கடை ஜூஸ் கூடாது, ஐஸ் தண்ணீர் எங்கே பிடித்ததோ. கரும்பாகவே வாங்க. முழுக் கழி, நல்ல தடியாக. கழுவி, தோல் சீவி, துண்டு போட்டு அவள் கையில் கொடுக்க. எனக்கு ஒன்றும் வேண்டாம். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன்.